தாமோதர் நீரும் கண் திறவாத ஓவியங்களும்

தொல்குடி ஓவியங்களில் நீருக்கு என்ன இடம் என்று கேட்டால், கலை வரலாற்று வகுப்பறைகளில் ஒரு விடை எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது: நீர் ஒரு குறியீடு, அது வளமையையும் பிறப்பையும் தூய்மையையும் குறிக்கிறது. தேர்வுத்தாளில் மதிப்பெண் பெற்றுத்தரும் இவ்விடை பிழையானதன்று, போதாதது. ஒரு மக்கள்கூட்டம் தன் ஓவியத்தில் நீரை வரையும்போதோ, தனக்காக வரையச் செய்யும்போதோ, பல வேளைகளில் அங்கே இருப்பது நீர் என்னும் பொதுப்பொருள் அன்று. பெயருள்ள ஓர் ஆறு, பெயருள்ள ஒரு சுனை, அவற்றோடு தலைமுறைகளாகப் பேணப்பட்ட ஒரு கடப்பாடு ஆகியவையே அங்கு உள்ளன. அதைச் சாட்சியமாகப் படிப்பதா, அழகாக மட்டும் படிப்பதா என்பது ரசனை சார்ந்த வினா அன்று. ஆற்றின்மீது யாருக்கு உரிமை, யாருடைய துறை மூழ்கலாம், யாரைக் கேட்டு மூழ்கலாம் என்பன போன்ற வினாக்கள் அதனோடு பிணைந்துள்ளன. இதற்கு வங்கத்தின் தாமோதர் ஆற்றைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்தியாவில் அரிது.

தாமோதரைப் பற்றிப் பேச ஹவுராவிலிருந்து தொடங்குவது பொருத்தம். ஹவுரா என்றதும் தமிழர் நினைவுக்கு வருவன சென்னையிலிருந்து செல்லும் மெயில் வண்டி நிற்கும் பெரிய ரயில் நிலையமும், 1943-இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலமும்தாம். ஆனால் தாழ்ந்த சதுப்பு நீர்நிலையைக் குறிக்கும் 'ஹாவோர்' என்ற வங்கச் சொல்லிலிருந்தே அவ்வூரின் பெயர் வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அம்மாவட்டத்தின் நிலத்தில் பெரும்பகுதி ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் ஆனது. சோட்டா நாக்பூர் பீடபூமியில் பிறந்து சுமார் 590 கிலோமீட்டர் ஓடும் தாமோதர், சமவெளிக்கு வந்தபின் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முண்டேஸ்வரி என்ற பெயரோடு ரூப்நாராயண் ஆற்றில் சேர்கிறது. மற்றது ஆம்தா வழியாக வந்து, ஹவுரா மாவட்டத்துச் சியாம்பூர் வட்டாரத்தில் கர்ச்சுமுக் என்னும் இடத்தில் ஹூக்ளியில் கலக்கிறது. 58 மதகுகள் கொண்ட தடுப்பினால் அறியப்படும் அவ்விடத்துக்குக் குளிர்காலத்தில் நகரத்தார் உல்லாசப் பயணம் வருவார்கள். மேல்நாட்டில் வாழும் சந்தால் மக்களின் மரபிலோ, தாமோதர் கடலுக்குச் செல்லும் இந்த வழி, இறந்தோர் செல்லும் வழி.

இதன் பொருள் விளங்க, சந்தால்களின் படைப்புக் கதையை அறிந்திருக்க வேண்டும். கோலேயன் என்ற முதிய குரு சொன்னதை எல். ஓ. ஸ்க்ரெஃப்ஸ்ருட் என்ற நார்வே நாட்டுச் சமய ஊழியர் சந்தாலி மொழியிலேயே எழுதிக்கொண்டார். அது 1887-இல் அச்சாயிற்று. அதன்படி, தொடக்கத்தில் நீர் மட்டுமே இருந்தது. மண் நீருக்கு அடியில் கிடந்தது. தாக்குர் ஜியூ என்னும் இறைவர் முதலில் நண்டு, முதலை, மீன், இறால், மண்புழு, ஆமை முதலிய நீர்வாழ் உயிர்களைப் படைத்தார். பின்னர் ஹாஸ், ஹாசில் என்ற பறவை இணையைப் படைத்தார். பறவைகளுக்குக் கால் ஊன்ற இடமில்லை. அடிமண்ணை மேலே கொண்டுவரும்படி ஒவ்வோர் உயிரும் ஏவப்பட்டது. வலிமை மிக்க முதலை முயன்றது, நண்டு முயன்றது, மீனும் இறாலும் முயன்றன. எடுத்த மண் எல்லாம் நீரிலே கரைந்தது. கடைசியில் மண்புழு ஆமையின் துணையை நாடியது. ஆமை நீர்மேல் நிலைநிறுத்தப்பட்டது, புழு அடியில் மண்ணைத் தின்று ஆமையின் முதுகில் கழித்தது, நிலம் உண்டாயிற்று. அந்நிலத்தில் முளைத்த புல்லில் பறவைகள் முட்டையிட்டன. முட்டைகளிலிருந்து பில்சு ஹாடாம், பில்சு புடி என்ற முதல் மனித இணை வெளிவந்தது.

இக்கதையைக் காகிதச் சுருளில் வரைந்து, ஊர் ஊராகச் சென்று, பாட்டோடு விரித்துக் காட்டியவர்கள் ஜாதுபட்டுவாக்கள். தும்கா, புருலியா, பாங்குரா, பீர்பூம் வட்டாரங்களில் வாழ்ந்த இந்த ஓவியர் குடியினர் சந்தால்கள் அல்லர். சந்தால்களை அண்டி வாழ்ந்தவர்கள். சுருளின் தொடக்கத்தில் நீரும் நீர்வாழ் உயிர்களும் பறவை இணையும் வரும். பின்னரே நிலமும் மனிதரும் வருவர். இந்த வரிசையில் நீர் மனிதரின் உடைமை ஆகாது, மனிதருக்கு மூத்தது. நிலமோ நீரிலிருந்து எடுத்துத் தரப்பட்ட பொருள், அதுவும் ஒரு மண்புழுவின் உழைப்பால் கிடைத்தது. கதையை நிலவியலாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் ஆறு சுமந்துவந்த அடிமண்ணால் உருவான ஹவுரா போன்ற நிலத்தில் நின்று அக்கதையைக் கேட்பவருக்கு, அது வெறும் கற்பனை என்று ஒதுக்கத் தோன்றாது.

ஜாதுபட்டுவாவின் மற்றொரு பணி இறப்பைச் சார்ந்தது. ஒரு வீட்டில் சாவு நிகழ்ந்ததை அறிந்தால் அவர் ஒரு சிறு படத்தோடு அங்கே வருவார். இறந்தவர் ஆணெனில் ஆண் உருவம், பெண்ணெனில் பெண் உருவம், குழந்தையெனில் குழந்தை உருவம். உருவம் முழுமையாக இருக்கும். கண்ணின் மணி மட்டும் இராது. இறந்தவர் மறுவுலகில் பார்வையின்றித் தடுமாறுகிறார் என்று ஓவியர் சொல்வார். வீட்டார் பணமோ பாத்திரமோ தானியமோ கொடுப்பர். அதன்பின் அவர் தூரிகையால் கண்மணியை இடுவார். சக்குதான் என்று வழங்கும் இச்சடங்கைத் தமிழர் எளிதில் புரிந்துகொள்ளலாம். படிமத்துக்குச் சிற்பி இறுதியில் கண் திறக்கும் மரபு இங்கும் உண்டு. அங்கே கண் திறப்பது தெய்வத்துக்கு அன்று, நேற்று வரை உடனிருந்த தந்தைக்கு, மனைவிக்கு, மகவுக்கு. 1940-களில் தும்காவில் ஆட்சிப் பணியில் இருந்த டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் இத்தகைய படங்களைத் திரட்டியவர்களுள் ஒருவர். பீர்பூமிலும் பிற இடங்களிலும் வங்கத்துச் சுருள்களைத் திரட்டிய குருசதய் தத்தின் பெயரில் கொல்கத்தாவின் ஜோக்கா பகுதியில் ஒரு காட்சியகம் இருக்கிறது.

கண் பெற்ற இறந்தவர் எங்கே செல்கிறார்? இதற்கு விடை ஓவியத்தில் இல்லை, ஆற்றில் இருக்கிறது. உடலை எரித்தபின் சில எலும்புத் துண்டுகளைச் சந்தால்கள் எடுத்து வைப்பார்கள். அவற்றை 'ஜாங் பாஹா' என்பர். எலும்புப் பூ என்பது அதன் பொருள். காலம் வாய்க்கும்போது குடும்பத்தார் அவற்றைச் சுமந்து நெடுந்தொலைவு நடந்து தாமோதருக்குச் செல்வர். அருகிலுள்ள ஏதோ ஒரு நீர்நிலை போதாது, தாமோதரே வேண்டும். ஆறு அவற்றைக் கடலுக்கு, முன்னோர் இருக்கும் இடத்துக்குச் சேர்க்கும் என்ற நம்பிக்கையை டபிள்யூ. டபிள்யூ. ஹன்டர் 1868-இல் வெளிவந்த தம் நூலில் பதிவுசெய்தார். ஓவியரின் கண் திறப்பும் குடும்பத்தாரின் ஆற்றுப் பயணமும் ஒரே சடங்கின் இரு கட்டங்கள் அல்ல. அவற்றைச் செய்பவர் வேறு, காலம் வேறு. ஆயினும் இரண்டும் ஒரே இறப்பைச் சுற்றி நிற்பவை. படைப்புச் சுருள் நீரில் தொடங்குகிறது. எலும்புப் பூ நீரில் முடிகிறது. காவிரிக்கோ கடலுக்கோ அஸ்தியைக் கொண்டுசென்று நீர்க்கடன் செய்யும் தமிழர், ஓர் ஆறு இல்லாமற்போனால் ஒரு சாவு முடிவுறாமல் நிற்கும் என்பதை விளக்கமின்றி அறிவர்.

எலும்புப் பூக்கள் சென்ற துறைகளுள் புகழ்பெற்றது இன்றைய புருலியா மாவட்டத்துத் தெல்குப்பி. அங்கே பெருங்கோயில் தொகுதி ஒன்றும் இருந்தது. சந்தியாகர நந்தியின் 'ராமசரிதம்' பெயர் சொல்லும் தைலகம்பம் இவ்வூரே என்பது ஆய்வாளர் கொள்கை. ஜே. டி. பெக்லர் 1872-73-இல் இங்கு வந்து கோயில்களைப் பதிவுசெய்தார். 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் அமைந்தது. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டம் அதற்கு முன்மாதிரி. திலையா 1953, கோனார் 1955, மைதோன் 1957, பாஞ்செத் 1959 என நான்கு அணைகள் எழுந்தன. பாஞ்செத் நீர்த்தேக்கம் தெல்குப்பியை விழுங்கியது. தொல்லியல் துறைக்காகத் தேபலா மித்ரா 1969-இல் எழுதிய நினைவேடு, நீரில் மூழ்கிய கோயில் தலம் என்றே தெல்குப்பியைத் தலைப்பில் குறிக்கிறது. நீர் வற்றும் மாதங்களில் எஞ்சிய கோயிலின் மேற்பகுதி வெளியே தெரியும். மேட்டூர் அணையின் நீர் குறையும்போது பண்ணவாடியில் தலைகாட்டும் நந்தியையும் பழைய தேவாலயத்தின் கோபுரத்தையும் பார்க்கக் கூட்டம் கூடுவதைத் தமிழகம் அறியும். தெல்குப்பியும் அதுபோன்ற காட்சிதான். இரண்டு இடங்களிலும் கட்டடம் நினைவில் நிற்கிறது. கட்டடத்தைச் சுற்றி இருந்த துறை நினைவில் நிற்பதில்லை. ஏனெனில் துறை என்பது கல்லால் ஆனதன்று. மக்கள் வந்துபோகும் வழக்கமே துறை. வழக்கத்துக்கு எச்சம் கிடையாது.

சடங்கு அதனோடு நின்றுவிடவில்லை. நீர்த்தேக்கக் கரையிலும், மேற்கே ராஜ்ரப்பா போன்ற இடங்களிலும் எலும்புப் பூக்கள் இன்றும் தாமோதரைச் சேர்கின்றன. ஆனால் ஓடும் ஆற்றில் விடுவதும் தேங்கிய நீரில் விடுவதும் ஒன்றல்ல. கடலுக்கு இட்டுச்செல்வதற்காக ஓர் ஆற்றைத் தேர்ந்த மக்களின் வழியில் ஓர் அணை நிற்கிறது என்பதை அக்காலத்துத் திட்ட அறிக்கைகளின் எந்தக் கணக்கில் சேர்த்திருக்க முடியும்? பாசனம், மின்சாரம், வெள்ளத் தடுப்பு ஆகியவற்றுக்கு அளவுகோல் இருந்தது. இறந்தோர் செல்லும் வழிக்கு அளவுகோல் இல்லை.

அதே பாஞ்செத் அணையின் திறப்பு விழா மற்றொரு செய்தியைச் சொல்கிறது. 1959 டிசம்பர் 6 அன்று பிரதமர் நேரு, புத்னி என்ற இளம் சந்தால் பெண்ணின் கையால் பொத்தானை அழுத்தச் செய்தார். வரவேற்பின்போது இருவருக்கும் இடையே மாலை பரிமாறப்பட்டதை ஊரார் திருமணமாகக் கொண்டனர்; வேற்றினத்தவரை மணந்தவள் என்று அவர் ஊரை விட்டு விலக்கப்பட்டார். 2023-இல் அவர் மறைந்தபோது நாளிதழ்கள் இதை ஓர் அவல வினோதமாக நினைவுகூர்ந்தன. ஊரார் செய்தது கொடுமை, அதில் ஐயமில்லை. ஆனால் விழா ஏற்பாட்டாளர்கள் ஒரு தொல்குடிப் பெண்ணை மேடைக்கு அழைத்தபோது, மாலையிடுதல் அவருடைய மக்களிடம் என்ன பொருள்படும் என்று வினவவில்லை என்பதும் உண்மை. மாலையின் பொருளைக் கேட்காதவர்கள் ஆற்றின் பொருளைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. தொல்குடியினரை அடையாளமாக வரவேற்று, சாட்சியாகக் கேட்க மறுக்கும் அதே பழக்கம்தான் அவர்களுடைய ஓவியத்து நீரைக் குறியீடு என்று மட்டும் எழுதிவைப்பதிலும் தொழிற்படுகிறது.

இதற்கு மாற்றான நடைமுறை உலகில் உண்டு என்பதற்கு ஆஸ்திரேலியத் தொல்குடியினரின் ஓவியங்கள் சான்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெருமணற் பாலைவனத்து மக்கள் தம் நில உரிமைக் கோரிக்கையை ஆங்கிலத்தில் வாதிடுவதன் இடர்ப்பாட்டை உணர்ந்து, 1997-இல் பிர்னினி என்ற இடத்தில் கூடி, ஏறத்தாழ 10 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு துணியில் தம் நாட்டை வரைந்தார்கள். 'ஙுர்ரரா' ஓவியம் என்று அது அறியப்படுகிறது. அதில் நிறைந்திருப்பவை நீர்நிலைகள். என்றும் வற்றாத 'ஜிலா' எனும் உயிருள்ள சுனைகளில் பாம்புருவ மூதாதையர் உறைகின்றனர். பருவத்தில் மட்டும் தோண்டினால் கிடைக்கும் ஊற்றுகளுக்கு வேறு பெயர் உண்டு. பூர்விக உரிமைத் தீர்ப்பாயத்தின் முன் அத்துணி விரிக்கப்பட்டது. ஒவ்வொருவரும் தாம் வரைந்த நீர்நிலையின்மேல் நின்று, தம் மொழியில், அந்நீரோடு தமக்குள்ள உறவைச் சொன்னார்கள். 2007-இல் 70,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தில் அவர்களுடைய உரிமை ஏற்கப்பட்டது. தீர்வு அந்த ஓவியத்தால் மட்டும் கிடைத்ததன்று. பத்தாண்டுக் காலச் சட்டப் போராட்டம் அதன்பின் இருந்தது. ஆனால் ஓவியம் அங்கே காட்சிப்பொருளாக அல்லாமல் வாக்குமூலமாக விளங்கியது.

வடக்கே ஆர்னெம் நிலத்து யொல்ஙு மக்களின் வரலாறும் இத்தகையதே. 1996-இல், தம் புனித நீர்ப்பரப்பில் வெளியார் திருட்டுத்தனமாக மீன்பிடித்து, ஒரு முதலையின் தலையை வெட்டிப் போட்டிருந்ததை அவர்கள் கண்டார்கள். முதலை அம்மக்களுள் ஒரு குலத்தாரின் மூதாதை. சினம் கொண்ட அவர்கள் மரப்பட்டைகளை எடுத்து வரையத் தொடங்கினர். 80 பட்டை ஓவியங்கள் உருவாயின. எந்தக் குலத்துக்கு எந்த நீர் உரியது, எங்கே நன்னீர் உவர்நீரோடு கலக்கிறது, எந்த மூதாதை எவ்வழியே சென்றார் என்பனவற்றைக் குறுக்குக் கோடுகளின் வகைவகையான பின்னலால் அவை சொல்லின. 2008-இல் நீலச்சேற்று விரிகுடா வழக்கில், ஓதம் வந்துபோகும் கரைநீரின்மீது அவர்களுக்குள்ள உரிமையை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. வெளியாருக்குக் கோட்டுப் பின்னலாகத் தோன்றுவது, அம்மக்களுக்கு நிலப் பட்டாவுக்கு நிகரான ஆவணம்.

இந்த ஒப்பீட்டுக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழக்கூடும், மூன்றும் வலுவுள்ளவை.

முதலாவது, சுருளை வரைந்தவர்கள் சந்தால்கள் அல்லர் என்பது. ஆஸ்திரேலியாவில் வரைந்தவரும் உரிமை கோரியவரும் ஒருவரே. இங்கே ஜாதுபட்டுவா அயலார். துக்க வீட்டில் பொருள் பெறுவதற்காக அச்சத்தைத் தூண்டினார் என்ற குற்றச்சாட்டும் அவர்மேல் உண்டு. இது உண்மைதான். ஆனால் அயலார் வரைந்த படத்தைத் தம் இறந்தோருக்காக விலை கொடுத்து ஏற்ற மக்கள், அதில் தம் உலகம் இருப்பதாக ஒப்புக்கொண்டே ஏற்றார்கள். வாதியின் வாக்குமூலத்தை எழுத்தர் எழுதுவதால் அது எழுத்தரின் வாக்குமூலம் ஆகிவிடாது. எழுத்தரின் ஆதாயத்தைக் கணக்கில் கொண்டு படிக்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் எச்சரிக்கை.

இரண்டாவது, ஙுர்ரரா ஓவியம் இடங்களைப் பெயர் சொல்லிக் காட்டுகிறது. படைப்புச் சுருளின் நீருக்கோ இடப்பெயர் இல்லை. ஆகவே அது எந்த வழக்கிலும் சான்றாகாது என்பது. இதையும் ஏற்க வேண்டும். சுருள் தனித்து நின்றால் வரைபடமாகாது. ஆனால் சுருள் தனித்து நிற்பதற்காகச் செய்யப்பட்டதன்று. அது பாட்டோடு விரிக்கப்பட்டது. பாட்டு சடங்கோடு சேர்ந்தது. சடங்கு தாமோதரோடு சேர்ந்தது. இடப்பெயர் இருப்பது அந்தத் தொடர்ச்சியில்தான். சுருளைப் பாட்டிலிருந்து பிரித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டு, அதில் இடப்பெயர் இல்லை என்று குறைகூறுவது, நிலத்திலிருந்து பிடுங்கிய செடிக்கு வேர் இல்லை என்பதைப் போன்றது.

மூன்றாவது மறுப்பு இவற்றினும் கடுமையானது: அணைகள் கட்டப்படாதிருந்தால் சமவெளி மக்கள் வெள்ளத்தில் மடிந்திருப்பார்கள், சடங்குத் துறைக்காக அவர்களைக் கைவிடலாமா? 1943-இன் தாமோதர் வெள்ளமே அணைத் திட்டத்துக்கு வித்திட்டது என்பதால் இவ்வினாவைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் இங்கேதான் ஹவுராவின் அனுபவத்தைக் கவனிக்க வேண்டும். திட்டமிட்டதைவிடக் குறைவான அணைகளே கட்டப்பட்டன. மழைக்காலத்தில் மைதோனும் பாஞ்செத்தும் நிறைந்து நீர் திறந்துவிடப்படும்போது உதய்நாராயண்பூரும் ஆம்தாவும் மூழ்குகின்றன. 2024 செப்டம்பரிலும் அதுவே நிகழ்ந்தது. வெள்ளம் மனிதரால் நேர்ந்ததா, மழையால் நேர்ந்ததா என்று மாநில அரசும் கழகமும் ஒவ்வொரு முறையும் வாதிடுகின்றன. தாமோதரின் பெருவெள்ளம்தான் கீழ் ஹூக்ளியின் வண்டலை அரித்துக் கடலுக்குத் தள்ளிவந்தது. அதைத் தடுத்தால் கொல்கத்தாத் துறைமுகம் தூர்ந்துபோகும் என்று கபில் பட்டாசார்யா என்ற பொறியாளர் அணைகள் எழுந்த காலத்திலேயே எச்சரித்தார். அவர் சந்தால் சுருளைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. நீரியல் கணக்கைப் பார்த்தே சொன்னார். ஆயினும் இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஆறு மலையிலிருந்து கடல்வரை பிரிக்க முடியாத ஓர் ஓட்டம். வண்டலும் அதன் பகுதி. அதை நடுவில் முறித்தால் விளைவு இரு முனைகளிலும் தெரியும் என்பதே அது. மேல்நாட்டாரின் துறையும் கீழ்நாட்டாரின் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம், ஆற்றைத் துண்டுகளாகப் பார்த்ததால் விளைந்தது.

ஆகவே கல்விப்புலம் செய்யக்கூடியவை எவை?

முதற்பணி, காட்சியகங்களின் விவரச்சீட்டிலிருந்து தொடங்கலாம். சுருள் ஓவியம், காகிதம், இயற்கை வண்ணம், சந்தால் பர்கனா என்ற அளவில் நிற்கும் குறிப்பு ஓவியத்தின் உடலை மட்டும் சொல்கிறது. எந்தப் பாட்டோடு விரிக்கப்பட்டது, எந்தச் சடங்குக்கு உரியது, அச்சடங்கு எந்த ஆற்றை வேண்டியது என்ற மூன்று வரிகளைச் சேர்ப்பதற்குப் பெருநிதி தேவையில்லை. ஹவுரா மாவட்டத்துப் பாக்னானில் தாராபத சாந்த்ரா போன்ற உள்ளூர் அறிஞரின் உழைப்பால் வளர்ந்த ஆனந்த நிகேதன் கீர்த்திசாலை, பெருநகரத்துக்கு வெளியேயும் இத்தகைய பணி நடக்கும் என்பதைக் காட்டுகிறது.

இரண்டாவது, துறைகளுக்கு இடையிலான சுவர். தாமோதர் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுகளில் நீரியலும் புலப்பெயர்வும் ஒரு பக்கம். சுருள் ஓவிய ஆய்வுகளில் வண்ணமும் வடிவமும் சந்தையும் மறுபக்கம். மெதினிப்பூரின் நயா சிற்றூருக்கு, ஹவுராவில் ரயிலேறிப் பாலிசக்கில் இறங்கி, ஆண்டுதோறும் மாணவர்கள் செல்கிறார்கள். அங்குள்ள பட்டுவாக்கள் மீன் கல்யாணத்தையும் 2004-இன் ஆழிப்பேரலையையும் ஒரே தூரிகையால் வரைந்து பாடுகிறார்கள். பெரிய மீன் சிறு மீன்களை விழுங்கும் அந்தக் கல்யாணக் கதையில் நீர் யாருடைய ஆட்சியில் இருக்கிறது என்ற வினா வெளிப்படையாகவே நிற்கிறது. மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் இயற்கை வண்ணம் காய்ச்சும் முறை பக்கம் பக்கமாக வருகிறது; இந்த வினா அதே அளவு இடம்பெற வேண்டும்.

மூன்றாவது, சட்டம். 2006-இன் வன உரிமைச் சட்டம் நீர்நிலைகளின் மீனுக்கும் பிற விளைபொருள்களுக்குமான சமூக உரிமையை ஏற்கிறது. 2013-இல் நியாம்கிரி வழக்கில், டோங்ரியா கோந்த் மக்களின் சமய, பண்பாட்டு உரிமை பற்றிக் கிராம சபைகளே முடிவுசெய்யட்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கேட்கப்பட்ட 12 கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. ஆக, தொல்குடியினரின் உறவுமுறையைச் சாட்சியமாகக் கேட்கும் வழி இந்தியச் சட்டத்தில் அடைபட்டிருக்கவில்லை. அங்கே சமர்ப்பிக்கத்தக்க வகையில் பாட்டையும் படத்தையும் துறையையும் ஒன்றாகப் பதிவுசெய்யும் ஆய்வுகள்தாம் போதவில்லை. இக்குறை நீதிமன்றத்துடையதன்று; பல்கலைக்கழகத்துடையது.

இவை எல்லாம் நடந்தாலும் தெல்குப்பித் துறை திரும்பி வராது. பாஞ்செத்தை இடிக்க வேண்டும் என்று யாரும் கோரவும் இல்லை. ஆனால் அடுத்த அணைக்கும் அடுத்த சுரங்கத்துக்கும் அடுத்த ஆற்று இணைப்புக்கும் திட்ட அறிக்கைகள் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் ஓர் ஆற்றங்கரையின் பயன்பாடுகளைப் பட்டியலிடும் பக்கத்தில், இறந்தோர் செல்லும் வழி என்ற ஒரு வரி இடம்பெறுமா என்பது இன்றைய ஆய்வு மாணவர்கள் எதை எழுதிவைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

மதகு திறக்கும் நாட்களில் கர்ச்சுமுக்கு வரும் தாமோதர் நீரை ஹவுரா மக்கள் எத்தனை கனஅடி என்று கேட்டு அறிகிறார்கள். அவர்களுக்கு அது வேண்டிய செய்திதான். அந்நீர் எங்கிருந்து வருகிறது, வழியில் யாருடைய எலும்புப் பூக்களைச் சுமந்திருக்கலாம் என்பதைச் சொல்லும் சுருள்கள், அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் காட்சியகங்களில் உள்ளன. அவற்றுள் கண்மணி இடப்படாமல் சேகரிப்பாளரின் கைக்கு வந்த படங்களும் உண்டு. அவற்றை வைத்திருக்கும் காட்சியகமும், அவற்றைப் பற்றி எழுதும் ஆய்வாளரும், அவை எந்தச் சாவுக்கு உரியவை, எந்த ஆற்றை நோக்கியவை என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள்.